பிலதெல்பியா: ஒரு பெயரும் ஒரு மடலும்

திருவெளிப்பாடு நூலில் வருவது பிலதெல்பியா. செய்தித்தாளில் வருவது பிலடெல்பியா. தகரம் ஒன்று டகரமாகத் திரிந்ததால், தமிழ் வாசகர்க்கு இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு ஊர்களாகவே ஒலிக்கின்றன. முன்னது ஆலயத்தில் வாசிக்கப்படும் பழம்பெயர். பின்னது அமெரிக்காவின் பெருநகர். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல்லே. 'பிலோஸ்' என்றால் அன்புடைய என்று பொருள். 'அடெல்போஸ்' என்றால் உடன்பிறந்தவன். இந்த 'அடெல்போஸ்' என்னும் சொல்லின் உட்பொருள் 'ஒரே கருவறையினின்று வந்தவன்' என்பதாகும். வடமொழிவழி நாம் பெற்ற 'சகோதரன்' என்ற சொல்லும் 'ஒரே வயிற்றினன்' என்றே பொருள்படுவது இங்கு நோக்கத்தக்கது. இரு மொழிகளும் உறவின் வேரைத் தாயின் வயிற்றில் கண்டிருக்கின்றன.

இத்தகைய இனிய பெயர் அந்த ஊருக்கு வந்தது அங்கு வாழ்ந்த மக்களின் அன்பினால் அன்று. கி.மு. 159 முதல் 138 வரை பெர்காமு அரசை ஆண்ட இரண்டாம் அத்தாலுவின் பட்டப்பெயர் 'பிலதெல்போஸ்'. அவன் தன் அண்ணன் இரண்டாம் யூமெனசிடம் காட்டிய பற்றுறுதியே அப்பட்டத்துக்குக் காரணம். கி.மு. 167 அளவில் தூதனாக உரோமைக்குச் சென்ற அத்தாலுவிடம், 'அண்ணனை விட்டு விலகி நீ அரசைக் கேள், நாங்கள் துணை நிற்கிறோம்' என்று உரோமைப் பெருமக்கள் சிலர் ஆசை காட்டினர். அவன் உள்ளம் ஊசலாடியது. அண்ணன் அனுப்பிவைத்த ஸ்திராத்தியு என்னும் மருத்துவரின் அறிவுரையைக் கேட்டு அவன் தெளிந்தான் என்று லிவி எழுதுகிறார். ஆசையே எழாதவன் அல்லன். எழுந்த ஆசையை அடக்கியவன். அந்த வகையில் இப்பெயர் பொய்யான பெயர் இல்லை.

ஆனால் அதே பட்டம் எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமிக்கும் உண்டு. தன் உடன்பிறந்த அக்காள் அர்சினோயேயை மணந்தவன் அவன். முதலில் அவளுக்கு வழங்கிய 'பிலதெல்போஸ்' என்ற பட்டம் பின்னர் அவனையும் சேர்ந்தது. தன் சகோதரனைக் கொல்வித்தவனும் அவனே! இன்று யோர்தான் நாட்டின் தலைநகராக விளங்கும் அம்மான், அவன் பெயரால் நெடுங்காலம் பிலதெல்பியா என்றே வழங்கிற்று. ஆகவே தொடக்கம் முதலே இந்தப் பெயர் ஒரு கேள்வியைச் சுமந்தே வந்திருக்கிறது. பெயர் இருக்கும் இடத்தில் பொருளும் இருக்கிறதா என்பதே அக்கேள்வி.

நம் மடலுக்குரிய பிலதெல்பியா, இன்றைய துருக்கியில் திமோலு மலையின் அடிவாரத்தில், கொகாமு ஆற்றுச் சமவெளியில் அமைந்தது. எரிமலைக் குழம்பு ஆறிக் கிடந்த கரிய மண்; திராட்சைக்கு ஏற்றது, வீடுகளுக்கு ஏற்றதன்று. கி.பி. 17-ல் ஆசியாவின் பன்னிரு நகரங்களை வீழ்த்திய நிலநடுக்கத்தில் இந்நகரும் சிதைந்தது. சுவர்கள் நாள்தோறும் விரிசல் விடுவதையும், மக்களில் பெரும்பாலோர் ஊருக்குள் தங்க அஞ்சி வயல்வெளிகளில் வாழ்வதையும் ஸ்திராபோ பதிவு செய்துள்ளார். பேரரசன் திபேரியு வரிவிலக்கு அளித்தான். நன்றிக்கடனாக நகரம் 'நெயோசெசரேயா' (சீசரின் புதிய நகர்) என்ற பெயரைச் சூடிக்கொண்டது. பின்னர் வெஸ்பாசியன் காலத்தில் அவனது குடிப்பெயரான 'பிளாவியா' என்பதையும் ஏற்றது. ஆளும் கை மாறும்போதெல்லாம் பெயரும் மாறும் வழக்கம் நமக்குப் புதிதன்று!

இந்த ஊரின் சிறு திருச்சபைக்குத்தான் திருவெளிப்பாடு 3-ஆம் அதிகாரத்தின் மடல் செல்கிறது. ஏழு மடல்களில் கண்டனச் சொல் ஒன்றும் இல்லாதவை இரண்டே. ஒன்று ஸ்மிர்னாவுக்கு எழுதியது, மற்றது இது. இதனாலேயே இம்மடலைப் பலரும் நற்சான்றிதழ் என வாசித்து வந்துள்ளனர். மறையுரைகளிலும் 'சகோதர அன்பின் திருச்சபை' என்று இதனைப் புகழக் கேட்கிறோம். மடலை மீண்டும் ஒருமுறை பொறுமையாக வாசிப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அதில் சகோதர அன்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இது தற்செயல் எனத் தோன்றவில்லை. திருவெளிப்பாட்டு ஆசிரியர் சொல் நயம் அறியாதவர் அல்லர். எண்களையும் பெயர்களையும் எடுத்தாள்வதில் கைதேர்ந்தவர். எபேசு சபையைத் தொடக்க கால அன்பைக் கைவிட்டதற்காகக் கடிகிறார். தியத்திரா சபையின் அன்பைப் பாராட்டுகிறார். 'உடன்பிறந்தார் அன்பு' என்றே பெயர் பெற்ற ஊருக்கு எழுதும்போது மட்டும் அந்தப் பெயரைத் தொடாமல் விட்டுவிடுகிறார். அவர் பாராட்டுவது வேறு: அவர்களுடைய ஆற்றல் சிறிது, ஆயினும் வாக்கைக் கடைப்பிடித்தார்கள், கிறிஸ்துவின் பெயரை மறுதலிக்கவில்லை. மடலில் அன்பு என்னும் சொல் ஒரே ஒருமுறை வருகிறது. அதுவும் அவர்கள் பிறரிடம் காட்டிய அன்பு அன்று; கிறிஸ்து அவர்கள்மீது கொண்ட அன்பு.

இதற்கு நேர் முன்னுள்ள மடல் அண்டை நகரான சர்தைக்குச் செல்வது. அங்குள்ள குற்றச்சாட்டு யாது? உயிரோடிருப்பதாகப் பெயர் மட்டும் இருக்கிறது, உண்மையில் இறந்த நிலை என்பதே. பெயருக்கும் நிலைக்கும் இடையே உள்ள பிளவைச் சுட்டிய கையோடு ஆசிரியர் பிலதெல்பியாவுக்கு வருகிறார். அந்த ஊரின் அழகிய பெயரை அவர் ஏன் பாராட்டாமல் விட்டார் என்பது இப்போது ஓரளவு விளங்கும். மடலின் முடிவில் அவர் தருவது புதுப் பெயர்கள்: கடவுளின் பெயர், புதிய எருசலேமின் பெயர், கிறிஸ்துவின் புதிய பெயர். அரசர் அளித்த பெயரோடு தொடங்கி, பேரரசர் இருவரின் பெயர்களை மேலே பூசிக்கொண்ட நகரில் வாழ்ந்த எளிய மக்களிடம், உங்கள்மேல் எழுதப்படவேண்டிய பெயர் இனிமேல்தான் வரவிருக்கிறது என்று சொல்லப்படுகிறது.

ஸ்காத்லாந்து அறிஞர் வில்லியம் ராம்சே 1904-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் இம்மடலின் ஒவ்வொரு தொடரையும் ஊரின் வரலாற்றோடு பொருத்திக் காட்டினார். அசையாத தூண், இனி வெளியே போகத் தேவையில்லாத வாழ்வு என்னும் உருவகங்கள் நிலநடுக்கத்துக்கு அஞ்சி வயலில் படுத்துறங்கிய மக்களுக்கு எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என அவர் எழுதியதைப் படித்தபின் அதை மறப்பது அரிது. பின்வந்த விளக்கவுரைகளில் இக்கருத்துக் கேள்வியின்றி இடம்பெற்றுவிட்டது. எனினும் இதில் எச்சரிக்கை தேவை. தாவீதின் திறவுகோல் எசாயா 22-ஆம் அதிகாரத்தில் எலியாக்கிமுக்குக் கொடுக்கப்பட்டது. புதிய பெயர் எசாயா 62-ல் சீயோனுக்கு வாக்களிக்கப்பட்டது. பெயர் தாங்கிய தூண்கள் சாலமோன் கோவிலின் முகப்பில் நின்றவை. யோவானின் கை முதலில் தொட்டது மறைநூலையே. ஊரின் மண் அதற்குக் கூடுதல் ஒலி சேர்த்திருக்கலாம். வரலாற்றுப் பின்னணியை மட்டும் பிடித்துக்கொண்டால், மடல் அவ்வூர் மக்களுக்கு எழுதிய ஆறுதல் குறிப்பாகச் சுருங்கிவிடும்.

மடலில் கடினமான ஒரு தொடரும் உண்டு. யூதர் எனச் சொல்லிக்கொள்வோரைச் சாத்தானின் கூட்டம் என்று அது சாடுகிறது. உடன்பிறப்பின் பெயர் கொண்ட ஊருக்குச் சென்ற மடலிலேயே உடன்பிறந்தாரைக் குறித்த இச்சொல் இருப்பதை மழுப்புவதற்கில்லை. எழுதியவரும் யூத மரபினரே. தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்பட்டவர்களின் மனக்காயம் அதில் பேசுகிறது. அது ஒரே குடும்பத்தின் உள்ளே எழுந்த சச்சரவு. ஆனால் பின்னாளில் ஆட்சியும் பெரும்பான்மையும் கிறிஸ்தவர் கைக்கு வந்தபோது, ஆற்றல் சிறிதாய் இருந்தோரின் குமுறல் ஆற்றல் மிகுந்தோரின் ஆயுதமாயிற்று. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நம் காலத்தில்' என்ற ஏட்டின் வழியாக யூத மக்கள்மீதான வெறுப்பைக் கண்டித்தபின், இத்தொடரை விளக்கமின்றி வாசித்துச் செல்லும் உரிமை நமக்கு இல்லை.

இம்மடலுக்குச் சில ஆண்டுகள் கழித்து அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியார், மறைசாட்சியாக உயிர் துறக்க உரோமைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் பிலதெல்பியாவில் தங்கினார். பின்பு துரோவாவிலிருந்து அச்சபைக்கு ஒரு மடல் எழுதினார். அதில் நாம் காண்பது என்ன? பிளவு. ஒரே நற்கருணை, ஒரே பலிபீடம், ஒரே ஆயர் என்று அவர் வற்புறுத்த வேண்டியிருந்தது. பழைய ஏடுகளில் இல்லாததை நற்செய்தியில் ஏற்கமாட்டோம் என வாதிட்டோரும் அங்கே இருந்தனர். கண்டனமே பெறாத சபைக்குள்ளும் சச்சரவு புகுந்திருந்தது.

அந்நகரின் முடிவும் இதே கசப்பைச் சுமந்தது. ஆசியா மைனரின் உட்பகுதி முழுதும் துருக்கியர் வசமான பின்னரும் தனித்து நின்ற கிறிஸ்தவ நகர் பிலதெல்பியா. 1390-ல் சுல்தான் பயசீது அதை முற்றுகையிட்டு வென்றபோது, அவனுக்கு அடங்கியிருந்த பிசாந்திய அரசகுலத்து மனுவேல் அவனுடைய படையோடு சென்று நிற்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். தம் மக்களின் கடைசி நகரம் விழுவதற்குத் தாமே துணைநின்ற அவலம்! அலாஷெகிர் என்று பெயர் மாறிய அவ்வூரை 1922-ல் பின்வாங்கிய கிரேக்கப் படையினர் தீக்கிரையாக்கினர். ஆசியா மைனரிலிருந்து ஏதிலிகளாய் ஏதென்சு சென்றோர் அங்குத் தாம் குடியேறிய பகுதிக்கு 'புதிய பிலதெல்பியா' எனப் பெயரிட்டனர். பெயரைப் பெருமைக்காக எடுத்தோர் நடுவில், இழப்பின் நினைவாக எடுத்தவர்கள் இவர்கள்.

பெருமைக்காக எடுத்தோரின் பட்டியல் நீண்டது. 1690களில் இலண்டனில் ஜேன் லீடு என்ற அம்மையாரைச் சூழ்ந்து 'பிலதெல்பியச் சங்கம்' தோன்றியது. 1909-ல் வெளிவந்த ஸ்கோபீல்டு விளக்கவுரை விவிலியம் ஏழு சபைகளையும் திருச்சபை வரலாற்றின் ஏழு காலங்களாகப் பிரித்தது. அதன்படி தியத்திரா என்பது கத்தோலிக்கத் திருச்சபை. பிலதெல்பியா என்பது உண்மை விசுவாசிகள். இலவோதிக்கேயா என்பது வெதுவெதுப்பான மற்றவர்கள். இந்த வாசிப்பு முறையின் குறை அதன் கால அட்டவணையில் மட்டும் இல்லை. வாசிப்பவர் எப்போதும் தம்மைப் பிலதெல்பியாவில் வைத்துக்கொண்டு அடுத்தவரை இலவோதிக்கேயாவில் குடியேற்றுகிறார். பிலதெல்பியா என்று பெயரிட்டுக்கொண்ட சபைகள் சுவீடன் முதல் உலகெங்கும் உண்டு. இலவோதிக்கேயா எனத் தனக்குத் தானே பெயரிட்டுக்கொண்ட சபை எதையும் நான் கண்டதில்லை. ஏழு மடல்களும் எல்லாச் சபைகளும் கேட்பதற்காகவே எழுதப்பட்டன என்பதை ஒவ்வொரு மடலின் முடிவும் சொல்கிறது.

பெயரிடுவதில் உண்மையான நோக்கம் கொண்டவர் வில்லியம் பென். நண்பர் சபையினரான குவேக்கரில் ஒருவர். சமய நம்பிக்கைக்காகச் சிறை கண்டவர். 1681-ல் இங்கிலாந்து அரசரிடமிருந்து பெற்ற நிலத்தில், 1682-ல் நகரம் அமைத்துப் பிலடெல்பியா எனப் பெயர் சூட்டினார். மனச்சான்றின் உரிமையை 1701-ஆம் ஆண்டுச் சாசனத்தில் உறுதிப்படுத்தினார். ஆங்கிலேயரின் பிற குடியேற்றங்களில் கத்தோலிக்கர் மறைந்து வழிபட்ட காலத்தில், 1733-ல் இயேசு சபையினர் இங்குப் புனித யோசேப்பு சிற்றாலயத்தில் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினர். அதை எதிர்த்து எழுந்த முறையீடு இச்சாசனத்தின்முன் நிற்கவில்லை. பென் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நகருக்கு அருகே ஜெர்மன்டவுனில் வாழ்ந்த அவரது சபையினர் சிலர் 1688-லேயே அடிமைமுறையைக் கண்டித்து எழுதினர். பெயரின் பொருளை நிறுவனரைவிட நன்கு படித்தவர்கள் அவர்கள்.

நூற்று அறுபது ஆண்டுகளுக்குப்பின் அந்நகர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கரால் நிரம்பியிருந்தது. அரசுப் பள்ளிகளில் நாள்தோறும் வாசிக்கப்பட்டது புரோட்டஸ்டாண்டு மொழிபெயர்ப்பான ஜேம்சு அரசர் விவிலியம். 1842-ல் ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் பள்ளி நிருவாகிகளுக்கு எழுதினார். எங்கள் பிள்ளைகள் எங்கள் மொழிபெயர்ப்பை வாசிக்கட்டும். பிற சமய வழிபாட்டில் பங்கேற்கும் கட்டாயம் வேண்டாம் என்பதே அவர் கேட்டது. 'விவிலியத்தைப் பள்ளியிலிருந்து துரத்துகிறார்கள்' என்ற கூக்குரலாக அது திரிக்கப்பட்டது. 1844 மே 6 அன்று கென்சிங்டன் பகுதியில் கலவரம் வெடித்தது. மே 8 அன்று புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தீன் ஆலயமும் தீக்கிரையாயின. அகுஸ்தீன் ஆலயத்தோடு அகுஸ்தீன் சபைத் துறவியரின் நூலகத்தில் இருந்த ஆயிரக்கணக்கான நூல்களும் எரிந்தன. அமெரிக்காவின் புகழ்பெற்ற விடுதலை மணிக்கு இணையாக வார்க்கப்பட்டு, 'சகோதரி மணி' என்று அழைக்கப்பட்ட மணி அவ்வாலயத்தின் கோபுரத்தில்தான் இருந்தது. அதுவும் அன்று அழிந்தது. சூலையில் மீண்டும் கலவரம். இரு கட்டங்களிலும் உயிரிழந்தோர் பலர். மேலும் குருதி சிந்தாதிருக்க, மே மாதக் கலவரத்தை அடுத்த ஞாயிறன்று ஆலயங்களை மூடிவைக்குமாறு ஆயர் பணித்திருந்தார்.

சகோதர அன்பைக் குறிக்கும் 'பிலதெல்பியா' என்ற சொல்லைப் புதிய ஏற்பாட்டு மடல்கள் ஐந்து எடுத்தாள்கின்றன. கிரேக்கர் இரத்த உறவினர்க்கே வழங்கிய சொல்லை இரத்தத் தொடர்பில்லாதோர்க்கு விரித்தது கிறிஸ்தவ வழக்கு. எபிரேயர் 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் சகோதர அன்பு நிலைக்கட்டும் என்ற அறிவுரையை அடுத்து உடனே வருவது, அந்நியரை வரவேற்க மறவாதீர் என்பது. கிரேக்கத்தில் இரண்டும் இணைச்சொற்கள்: 'பிலதெல்பியா', 'பிலோக்செனியா'. தமிழில் 'விருந்து' என்பதற்கே புதுமை, புதியவர் என்பதுதான் பழம்பொருள். பிலடெல்பியா நகரின் பெயரில் முதற்சொல் இருந்தது. இரண்டாம் சொல் இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய அயர்லாந்து ஏழை, அதே கிறிஸ்துவை அறிந்த அந்நியன். அவனைச் சகோதரனாக்குவதா பகைவனாக்குவதா என்பதில் தடுமாறியவர்கள், இரண்டு மொழிபெயர்ப்புகளிலும் ஒரே செய்தி கூறும் நூலின் பெயராலேயே தீ வைத்தனர்.

இதை எழுதும்போது நமக்குள் எழும் மனக்குறையை நாமே சற்று உரசிப் பார்ப்பது நல்லது. கலவரத்தின்போது துப்பாக்கி ஏந்திய கத்தோலிக்கரும் உண்டு. அதற்கு முன்பே, 1822-ல் அதே நகரின் புனித மரியா ஆலயத்தில் அறங்காவலர் தேர்தலையொட்டிக் கத்தோலிக்கர் தமக்குள் அடித்துக்கொண்டு காயமுற்றனர். 2005-லும் 2011-லும் அரசு அமைத்த நடுவர் குழுக்கள் வெளியிட்ட அறிக்கைகள், அந்த உயர்மறைமாவட்டத்தில் சிறார்க்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளையும் அவற்றை மறைத்த பொறுப்பாளர்களின் செயலையும் வெளிக்கொணர்ந்தன. புனித யோவான் நியூமன் ஆயராய் இருந்து பள்ளிகளைக் கட்டி வளர்த்த ஊர் அது. நம் தமிழ்ச் சூழலிலும் வீரமாமுனிவரின் 'பேதகமறுத்தல்' காலம் தொட்டுச் சீர்திருத்தச் சபையாரைப் 'பதிதர்' என்றே நம் பழைய நூல்கள் வழங்கின. 'பிரிந்த சகோதரர்' என்ற தொடர் நம் நாவில் பழகியது 1964-ல் சங்கத்தின் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு வெளிவந்த பிறகே. அந்தத் தொடரிலும் அடைமொழியை அழுத்திச் சொல்வோர் உளர். பெயர்ச்சொல்லை அழுத்திச் சொல்வோர் உளர்.

நகரின் பெயர் பின்னர் வணிகப் பொருளுக்கும் போயிற்று. 1880 முதல் விற்பனையான 'பிலடெல்பியா' பாலாடைக்கட்டி உண்மையில் நியூயார்க் மாநிலத்தில் செய்யப்பட்டது. நற்பெயரை இரவல் வாங்கும் கலை சபைகளுக்கு மட்டும் உரியதன்று! 1993-ல் ஜொனதன் டெம்மி இயக்கிய 'பிலடெல்பியா' என்ற திரைப்படம், எய்ட்ஸ் நோயுற்றதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட வழக்குரைஞர் ஒருவரின் கதை. படத்துக்கு அந்நகரின் பெயரை வைத்ததிலேயே அதன் விமரிசனம் அடங்கிவிட்டது. பெயரைச் சான்றிதழாக அல்லாமல் வினாவாகக் கையாண்டதில் அப்படம் யோவானின் மடலுக்குச் சற்று அருகில் நிற்கிறது என்றே கருதுகிறேன்.

ஆயர் கென்ரிக் கலவரத்துக்குப்பின் செய்த பணி நம் வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. கத்தோலிக்கரின் ஆங்கில விவிலியத்தை அவர் மூலமொழிகளோடு ஒப்பிட்டுத் திருத்தலானார். 1849-ல் நற்செய்திகள் வெளிவந்தன. 1860 வரை பிற பகுதிகள் தொடர்ந்தன. எந்த மொழிபெயர்ப்பின் பெயரால் தம் ஆலயங்கள் எரிந்தனவோ, அதைப் போற்றிய சபைகளின் அறிஞர்களையும் தம் குறிப்புகளில் தயங்காமல் எடுத்தாண்டார். திருவெளிப்பாடு அடங்கிய பகுதி, அவர் பால்டிமோர் பேராயராக மாற்றம் பெற்ற 1851-லேயே அச்சேறியது. ஏழு மடல்களில் ஆறாவதன் முதல் வரியில் அவர் எழுத வேண்டியிருந்தது, தாம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய நகரின் பெயர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறுபாடு இல்லை.